பூட்காம்ப்புக்குக் காசு கட்டலாமா? ஏ.எல். முடித்த தம்பி, தங்கச்சிமாருக்கு

ஏ.எல். பெறுபேறு வந்து கம்பஸ் வெட்டுப்புள்ளி கைகூடாமல் போனால், எங்கள் ஊர் வீடுகளில் அடுத்த கிழமையே ஒரு பேச்சு தொடங்கிவிடும்: "ஐரி படிக்க விடுவமே." கோடிங் பூட்காம்ப் (கணினி நிரல் எழுதப் பழக்கும் குறுகிய காலப் பயிற்சி) விளம்பரங்களும் அந்த நேரம் பார்த்துத்தான் முகநூலில் வரும். ஆறு மாதம், சில இலட்சம் ரூபாய், முடிந்ததும் வேலை. நான் வர்த்தகப் பிரிவில் படித்தவள். அப்படியொரு பயிற்சியைக் காசு கட்டிப் படித்து, இப்போது யாழ்ப்பாணத்திலேயே ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். எனக்கு அந்தக் காசு வீண்போகவில்லை. ஆனாலும் என்னிடம் வந்து கேட்கிற பலருக்கு "இப்ப கட்டாதையுங்கோ" என்றுதான் சொல்கிறேன்.

ஏனென்றால் பாடம் இலவசமாகவே கிடைக்கிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழகம் 'டிரெய்னி ஃபுல் ஸ்டாக் டெவலப்பர்' என்ற தொடரை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் சி.எஸ்.50 என்ற அறிமுகக் கணினிப் பாட விரிவுரைகளை யாரும் பார்க்கலாம். பயிற்சிகளைச் செய்து அனுப்பினால் கணினியே சரிபார்த்துச் சொல்லும். ஃப்ரீகோட்காம்ப் என்ற இலவசக் கோடிங் தளம் 2014 முதல் இருக்கிறது. பூட்காம்ப் கையேட்டில் இருக்கிற ஜாவாஸ்கிரிப்ட், ரியாக்ட், தரவுத்தளம் எல்லாவற்றையும் இப்படியே படிக்கலாம். அப்படியானால் எதற்குக் காசு? நீங்கள் எழுதிய கோடை (நிரலை) ஒருவர் உட்கார்ந்து வரிவரியாக வாசித்து, "இதை ஏன் இப்படி எழுதினீர்?" என்று கேட்பதற்கு. அதுதான் சும்மா கிடைக்காது.

எங்கள் வகுப்பில் ஒரு தோழி யாழ்ப்பாணம்–கொழும்பு இரவு பஸ்ஸுக்கு ஆசன முன்பதிவுத் தளம் செய்திருந்தாள். பதிந்த ஆசனம் சிவப்பாக மாறும், கட்டணக் கணக்கும் சரி, பார்க்கவும் வடிவாக இருந்தது. படிப்பித்த அண்ணா தன் லப்டொப்பிலும் அவளுடையதிலும் ஒரே ஆசனத்தைத் திறந்து, இரண்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தினார். 12ஆம் ஆசனம் இரண்டு பேருக்கும் கிடைத்தது. 'காலியா என்று பார். காலி என்றால் பதி' என்று கோடு இரண்டு படியாக இருந்தது. அந்த இரண்டு படிக்கும் நடுவில் இன்னொருவர் புகுந்துவிடலாம். ஒரு பயணத்தில் ஓர் ஆசன இலக்கம் ஒரு தரம்தான் பதியலாம் என்ற கட்டுப்பாட்டைத் தரவுத்தளத்திலேயே போட்டதும் பிரச்சினை தீர்ந்தது. அன்று பின்னேரம் முழுக்க வகுப்பில் இதே கதைதான். வீடியோ பார்த்துப் படித்திருந்தால் இந்தக் கேள்வியை அவளிடம் யார் கேட்டிருப்பார்கள்? சாட்ஜிபிடி நொடியில் கோடு எழுதித் தருகிற இந்தக் காலத்தில், தந்த கோடை விளக்கத் தெரிகிறதா என்றுதான் நேர்முகத்தில் தோண்டுகிறார்கள். ஆகவே இப்படிக் கேள்வி கேட்கிற ஆளின் பெறுமதி கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

அதனால் சேர முன்னர் கட்டணத்தை விசாரிப்பதற்கு முதல் இதை விசாரியுங்கள்: ஒரு வகுப்பில் எத்தனை பேர்? கோடைத் திருத்துவது யார்? அவர் நிறுவனத்தில் வேலை செய்தவரா, அல்லது போன தொகுதியில் படித்து முடித்த மாணவரா? நாற்பது பேரை இருத்தி வைத்து ஒருவர் புரொஜெக்டரில் காட்டிக்கொண்டு போகிற வகுப்பு என்றால் அது ரியூட்டரிதான். அதற்கு இலட்சக் கணக்கில் கொடுக்க வேண்டாம்.

உங்களையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். இரண்டு மூன்று மாதம் பின்னேரங்களில் மேலே சொன்ன இலவசப் பாடங்களில் ஒன்றைப் படியுங்கள். பிறகு வீடியோவை மூடி வைத்துவிட்டுச் சின்னதாக ஒன்று செய்யுங்கள். அம்மா பிடிக்கிற சீட்டுக் கணக்கு நல்ல பயிற்சி: யார் கட்டினார், யார் எடுத்துவிட்டார், இந்த மாதம் யாருக்குப் பாக்கி. கோடு ஓடாமல் நிற்கும்போது எரிச்சல் வரும். அந்த எரிச்சலோடும் அடுத்த நாள் திரும்ப வந்து உட்காருகிறீர்களா என்று பாருங்கள். உட்காருகிறவருக்குப் பூட்காம்ப் வேகம் கொடுக்கும். உட்காராதவரைக் கட்டணம் வந்து உட்கார வைக்காது.

அடுத்தது, "எங்கள் மாணவர்களில் 90 சதவீதம் பேர் வேலையில்" என்ற பேச்சு. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் இடையில் விட்டார்கள், சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பையும் வேலையாக எண்ணினார்களா என்று கேட்காமல் அந்த எண்ணை நம்பாதீர்கள். அமெரிக்காவில் லாம்ப்டா ஸ்கூல் என்று தொடங்கி ப்ளூம்டெக் என்று பெயர் மாறிய பூட்காம்ப், 71 முதல் 86 சதவீதம் வேலைவாய்ப்பு என்று விளம்பரம் செய்தது. முதலீட்டாளருக்குக் காட்டிய கணக்கிலோ அது 50 சதவீதத்துக்குக் கிட்ட இருந்தது. சில வேளைகளில் 30 வரைக்கும் இறங்கியது. கடைசியில் 2024 ஏப்ரலில் அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம், அது மாணவருக்குக் கடன் கொடுப்பதையே தடைசெய்தது. இங்கே, நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா என்று பாருங்கள். படித்து முடித்த இரண்டு பேரையாவது நீங்களே தேடிப் பிடித்துப் பேசுங்கள். நிறுவனம் காட்டுகிற ஆட்களோடு மட்டும் பேசி முடிவெடுக்க வேண்டாம். யாழ் ஐரி ஹப் அமைப்பு தொடங்கிய ஊக்கி என்ற கோடிங் பயிற்சிப் பள்ளி போன்ற இடங்களில் புலமைப்பரிசில் கிடைக்குமா என்றும் முதலே விசாரித்து வையுங்கள்.

கட்டணத்தோடு செலவு முடிவதில்லை. கொழும்பில் படிப்பதென்றால் அறை வாடகை, சாப்பாடு, வேலைக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய ஆறு மாதச் சம்பளம், இவற்றையும் சேர்த்துக் கூட்டுங்கள். நகையை அடகு வைத்துக் கட்டுவதாக இருந்தால் வட்டியையும் கூட்டுங்கள். இன்டர்ன் சம்பளத்தில் அதை மீட்க எவ்வளவு காலம் ஆகும் என்று வீட்டில் எல்லாரும் இருந்து கணக்குப் பாருங்கள்.

வெளிநாடு போவது, முதுநிலை படிப்பது என்ற எண்ணம் இருந்தால் பூட்காம்ப் சான்றிதழ் பட்டத்துக்கு ஈடாகாது. அப்படியானவர்கள் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பி.ஐ.ரி. (தகவல் தொழில்நுட்ப) வெளிவாரிப் பட்டத்துக்குப் பதிந்துகொண்டு, பக்கத்தில் கோடிங் பழகுவது நல்லது.

கட்டுவது என்று முடிவானால் தவணையாகக் கட்டக் கேளுங்கள். இடையில் விட்டால் எவ்வளவு காசு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். எழுத்தில் தர மறுக்கிற இடத்தில் முழுக் காசையும் முதல் நாளே கட்டிவிடாதீர்கள்.