தந்தியும் காதும் சேர்ந்த இரவு
வீட்டுக் கணினியில் பல டிராக்குகளாகப் பாட்டுப் பதிவு செய்ய ஒரு வாரமாக மல்லுக்கட்டினேன். கிட்டார் தந்தியைத் தட்டினால் ஹெட்போனில் சத்தம் பிந்தியே வரும், தாளம் கைநழுவிவிடும். காரணம் பஃபர் அளவு, அதாவது கணினி ஒரு தடவைக்கு எவ்வளவு ஒலியைச் சேர்த்துவைத்துக் கையாள்கிறது என்பது. 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலித் துணுக்கு) எடுக்கும்போது, பஃபர் 1024 சாம்பிள் என்றால் உள்ளே வரவே 21 மில்லிசெகண்ட், வெளியே போக இன்னொரு 21. 128 ஆகக் குறைத்தேன், ஒவ்வொன்றும் 3க்குக் கீழே இறங்கிவிட்டது. விண்டோஸ் என்றால் ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு (கிட்டாரையும் மைக்கையும் கணினியோடு இணைக்கும் கருவி) உரிய ஏசியோ (ASIO) டிரைவரை, அதாவது இந்தத் தாமதத்தைக் குறைக்கும் மென்பொருளை, போட்டுவிடுங்கள். பதிவான டிராக்குகளை ஒன்றாகக் கலக்கும் மிக்ஸிங்கின்போது பஃபரை மறுபடி ஏற்றிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் எஃபெக்ட் கூடக் கூடப் பிராசஸர் திணறி, படபடவென்று சத்தம் வெடிக்கும்.

அப்புறம், நேற்று இரவு நான்காவது டிராக்கில் என் குரலுக்கு நானே துணைக்குரல் பாடிச் சேர்த்தேன். இரண்டும் ஒரே மூச்சில் வந்து இறங்கின. ஹெட்போனைக் கழற்ற மனமே வரவில்லை.