வீடு ஏறுமா, இறங்குமா?

காரைக்குடிப் பக்கம் கார் வாங்கினால் செலவு, நகை வாங்கினால் சேமிப்பு என்பார்கள். பாதிதான் சரி.

காரில் சந்தேகமே இல்லை. காப்பீட்டுக் கணக்கிலேயே ஓராண்டு தாண்டினால் 20 சதவீதம் கழியும்; நான்கு தாண்டி ஐந்துக்குள் 50. பத்து லட்சம் ஐந்தாகிவிடும்.

நகையைப் பாருங்கள். தங்கத்தின் விலை 1,00,000. செய்கூலி, சேதாரம் 15 சதவீதம் என்றால் 1,15,000. அதன்மேல் ஜிஎஸ்டி 3 சதவீதம், 3,450. கொடுப்பது 1,18,450. விற்கப் போனால் தங்கத்துக்கு மட்டும்தான் காசு. கல் எடையையும் கழிப்பார்கள். தங்கம் 18 சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் போட்ட முதல் திரும்பும். போடாத நகையாக லாக்கரில் கிடக்குமென்றால் தங்கக் காசாகவே வாங்கலாம், கூலி குறைவு.

செட்டிநாட்டு வீடுதான் சிக்கலான சொத்து. மனை ஏறும், கட்டடம் தேயும். ஓடு நழுவி ஒரு மழைக்காலம் ஒழுகினால் போதும், உத்தரம் உளுக்கத் தொடங்கிவிடும். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டால் ஒட்டுப் போடுவது அதைவிட மோசம்: உள்ளே உள்ள ஈரம் வெளியேற வழியின்றி, பூச்சு பாளம் பாளமாக உதிரும். சுண்ணாம்பாலேயே பூசுங்கள்.

பர்மா தேக்குத் தூணுக்கு என்றைக்கும் கிராக்கி உண்டு. அதனால்தான் முழு வீடாக விலை போகாதது காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குத் துண்டு துண்டாக வந்து சேர்கிறது. முழுதாக விலை போகாததற்குக் காரணம் பெரும்பாலும் பங்காளிக் கையெழுத்து: ஒருவர் மறுத்தாலும் முழு வீட்டைக் கிரயம் செய்ய முடியாது. வாங்குகிறவர் முதலில் வாரிசுச் சான்றையும் வில்லங்கத்தையும் பார்க்கட்டும், தூணைப் பிறகு தட்டிப் பார்க்கலாம்.