ஏசி போட்டதும் ஓடிய சுருதி

"தம்பி, உங்க பெட்டி நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏசி போட்டதும் சுருதி ஓடுது."

போனில் இதைச் சொன்னவர் சென்னையில் இருக்கும் ஒரு வயலின் கலைஞர். மாடுலர் சிந்தசைசரில் ஒலியை எழுப்பும் மாட்யூலான ஆசிலேட்டர் ஒன்றை என்னிடம் வாங்கியிருந்தார், நானே செய்தது. எலக்ட்ரானிக் தம்புராவோடு அதையும் சேர்த்து ஓடவிட்டு, அதன்மேல் சாதகம் செய்வார். நான் இருப்பது பெர்லினில். அந்த மாட்யூலை அதற்குள் நாற்பது பேர் வாங்கியிருந்தார்கள், ஒருவரும் இப்படிச் சொன்னதில்லை. அதனால் அவர் வீட்டு பவர் சப்ளையில்தான் கோளாறு என்று நினைத்தேன். "சார், வேற சப்ளையில போட்டுப் பாருங்க" என்றேன். பார்த்தார். அப்படியேதான் ஓடியது.

மாடுலர் சிந்தசைசர் என்ற மின்னணு வாத்தியம் முழுதாகக் கைக்கு வருவதில்லை. ஒலியை எழுப்பும் ஆசிலேட்டர், அதைச் செதுக்கும் ஃபில்டர், ஏற்றி இறக்கும் ஆம்ப் என்று எல்லாம் தனித்தனி மாட்யூல்கள். பேட்ச் கார்டு என்ற இணைப்பு ஒயர்களைக் குத்தி, தன் வாத்தியத்தை வாசிப்பவரே சேர்த்துக்கொள்கிறார். 1960களில் நியூயார்க் மாநிலத்தில் ராபர்ட் மூக், கலிஃபோர்னியாவில் டான் புக்லா, இருவரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இந்த வழிக்கு வந்தார்கள். மூக் பியானோ போன்ற கீபோர்டை வைத்தார். புக்லா அதை ஒதுக்கிவிட்டு, விரலால் தொடும் தகடுகளை வைத்தார். எனக்குப் புக்லாவின் பிடிவாதம்தான் பிடிக்கும்.

என்னைப் போன்ற ஒற்றை ஆட்கள் இந்தத் தொழிலில் பிழைக்க முடிவது யூரோராக் என்ற பொது அளவினால். 1990களின் நடுவில் ஜெர்மனியின் டீட்டர் டோப்ஃபர் கொண்டுவந்தது. 128.5 மி.மீ. உயரம், பிளஸ் மைனஸ் 12 வோல்ட், 3.5 மி.மீ. ஜாக். யார் செய்த மாட்யூலும் யார் பெட்டியிலும் உட்காரும். சர்க்யூட் வரைவது, சால்டரிங், முகப்புத் தகடு பொருத்துவது, கூரியருக்குப் பொதிவது எல்லாம் நானே. ஆனால் நாளில் பெரும்பகுதி போவது இவற்றில் அல்ல, சுருதி சேர்ப்பதில்.

ஒரு வோல்ட் கூட்டினால் ஒரு ஸ்தாயி ஏற வேண்டும், இதுதான் விதி. அப்படியானால் அரைச் சுரத்துக்கு 83 மில்லிவோல்ட். வோல்ட் சீராகக் கூடும்போது அதிர்வெண் இரட்டை இரட்டையாகப் பெருக வேண்டும். இந்தக் கணக்கை டிரான்சிஸ்டர் இயல்பாகவே போட்டுவிடுகிறது. அதன் பேஸ் என்ற முனையில் சுமார் 18 மில்லிவோல்ட் கூடினால் கரண்ட் இரண்டு மடங்காகும். சிக்கல் எங்கே என்றால், அந்த 18 நிலையாக நிற்காது. ஒரு டிகிரி சூட்டுக்கு அது 0.33 சதவீதம் நகரும். ஈடுகட்டாமல் விட்டால், பத்து டிகிரி ஏறியதும் மூன்று ஸ்தாயி மேலே உள்ள சட்ஜமம் காகலி நிஷாதத்துக்கும் கீழே இறங்கிவிடும்.

அதற்கு மருந்து உண்டு. ஒரே குணமுள்ள இரண்டு டிரான்சிஸ்டர்களை ஜோடியாகப் போட்டு, சூடு ஏறும்போது தானும் அதே விகிதத்தில் ஏறும் ரெசிஸ்டர் ஒன்றைக் கூட வைக்க வேண்டும். நானும் வைத்திருந்தேன். அப்புறம் ஏன் ஓடுகிறது?

அட்டைப்பெட்டி ஒன்றுக்குள் 40 வாட் குண்டு பல்பு மாட்டி, ஒரு தெர்மாமீட்டரையும் செருகி, மாட்யூலை உள்ளே வைத்தேன். 24 டிகிரியில் சரியாக இருந்தது. 34இல் நிலைத்த பிறகும் ஏறத்தாழ சரிதான். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் அந்தக் கால் மணி நேரத்தில்தான் சுருதி வழுக்கியது. பல்பை அணைத்துவிட்டு, பாகங்கள் பொருத்திய சர்க்யூட் பலகையான பிசிபியை மேசை விளக்கடியில் பிடித்தபோதுதான் கண்ணில் பட்டது: டிரான்சிஸ்டர் ஜோடி ஓரிடத்தில், அந்த ரெசிஸ்டர் அங்கிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி. இடம் போதவில்லை என்று நானே தள்ளி வைத்தது. இரண்டும் வேறு வேறு வேகத்தில் ஆறின. ஏசி ஓடத் தொடங்கியதும் ஒன்று குளிர்ந்துவிடும், மற்றது இன்னும் சூடாக இருக்கும்.

இங்கே வாங்கியவர்கள் ஏன் சொல்லவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. அவர்கள் வாசிக்கும் டெக்னோ நடன இசையில் ஒலி நொடிக்கு நொடி மாறிக்கொண்டிருக்கும், ஐந்து சென்ட் விலகல் அதில் கரைந்துவிடும். அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட். தம்புராவுக்குப் பக்கத்தில் அது ஒளிய இடமே இல்லை. ஒரு கட்டை சுருதி, அதாவது 131 ஹெர்ட்ஸ் சட்ஜமத்தில், ஐந்து சென்ட் விலகினால் இரண்டரை நொடிக்கு ஒருமுறை ஒலி எழும்பித் தாழும் அலை கேட்கும். என் மீட்டரைவிட அவர் காது கூர்மையானது. மீட்டரில் நான் பார்த்தது நிலைத்த பிறகு வரும் எண்ணை மட்டும்தான்.

1969இல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு ஒரு மூக் சிந்தசைசரைக் கொண்டுபோய் நிறுவினார். இசைக்கலைஞர் கீதா சாராபாய் உள்ளிட்ட சிலர் அதில் வேலை செய்தார்கள். அந்தக் கால மூக் ஆசிலேட்டர்கள் சுருதி நகர்வதற்குப் பேர்போனவை. அகமதாபாத் வெயிலில் அதை வைத்துக்கொண்டு அவர்கள் எத்தனை முறை குமிழைத் திருகியிருப்பார்களோ என்று அந்த வாரம் முழுக்க நினைத்துக்கொண்டேன்.

நாற்பது பேருக்கும் கடிதம் எழுதினேன். தவறு என்னுடையது, அனுப்பினால் என் செலவில் சரிசெய்து தருகிறேன் என்று. இருபத்திரண்டு மாட்யூல்கள் திரும்பி வந்தன. ஒவ்வொன்றிலும் அந்த ரெசிஸ்டரைக் கழற்றி, டிரான்சிஸ்டர் ஜோடியின் முதுகில் படுக்க வைத்து, நடுவில் தெர்மல் பேஸ்ட் தடவி, மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாயைப் போட்டு இறுக்கினேன். சால்டரிங் பத்து நிமிட வேலை. அதன் பிறகு பல்புப் பெட்டியில் இரண்டு மணி நேரம். சுருதியை நுணுக்கமாகச் சரிசெய்யும் திருகான இருபத்தைந்து சுற்று டிரிம்மரைக் கால் சுற்று திருப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கை பட்ட சூடே எண்ணை நகர்த்தும் என்பதால் அருகில் உட்காரவும் முடியாது. இரண்டு மாதம் புதிதாக எதுவும் விற்கவில்லை, வாடகைக்குச் சேமிப்பைத்தான் எடுத்தேன். அந்தச் செலவு நியாயமானது.

சென்னைக்குத் திரும்பிப் போக வேண்டிய மாட்யூலை மட்டும் நான்கு நாள் வைத்துப் பார்த்தேன். போய்ச் சேர்ந்த மறுவாரம் அவர் நாற்பது நிமிடப் பதிவு ஒன்றை அனுப்பினார். தம்புரா, என் ஆசிலேட்டர், மேலே மெதுவாக ஒரு மோகனம். பன்னிரண்டாவது நிமிடத்தில் டக்கென்று ஒரு சத்தம், ஏசி ஓடத் தொடங்குகிறது. ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். இருபதாவது நிமிடத்துக்குப் பக்கத்தில் மிக மெல்லிய ஒரு அலை, பத்துப் பன்னிரண்டு நொடிக்கு ஒருமுறை. கொஞ்ச நேரத்தில் அதுவும் அடங்கிவிட்டது. ஒரு சென்ட் இருக்கும்.

"இப்போ சேர்ந்திருக்கு தம்பி" என்று எழுதியிருந்தார். அடுத்த பிசிபியில், சூடு கிளப்பும் வோல்டேஜ் ரெகுலேட்டரை டிரான்சிஸ்டர் பக்கத்திலிருந்து எடுத்து எதிர் ஓரத்தில் வைத்து வரைந்துகொண்டிருக்கிறேன்.