துப்பாக்கி முனையில் எதை மாட்டுவது?

கிரீன் கார்டு வந்த கையோடு ஏஆர்-15 ரைஃபிள் வாங்கிவிட்டார் எங்கள் அலுவலகத் தம்பி ஒருவர். "அண்ணே, முனையில எந்த மசில் டிவைஸ் போடலாம்?" என்று கேட்டார். மசில் டிவைஸ் என்றால் குழலின் முனையில் திருகி மாட்டும் சின்னக் கருவி. (எச்1பி-யில் இருப்பவர்கள் கவனிக்க: வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள் இல்லாவிட்டால், அமெரிக்காவில் நீங்கள் துப்பாக்கி வைத்திருப்பதே சட்டப்படி குற்றம்.)

இப்போதைக்கு எதையும் மாற்றாதீங்க என்றேன். அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

பெரும்பாலான ஏஆர்களில் வாங்கும்போதே ஏ2 ஃபிளாஷ் ஹைடர் (முனையில் வரும் தீப்பிழம்பைக் குறைப்பது) இருக்கும். சின்னக் கூண்டு மாதிரி இருக்கும் அதற்கு ஒரு வரலாறு உண்டு. வியட்நாம் போரின் ஆரம்பத்தில், ஏஆர்-15-இன் ராணுவ வடிவமான எம்16-இன் முனை மூன்று கவையாகத் திறந்திருந்தது. செடிகொடியில் மாட்டிக்கொள்கிறது என்று முனையை மூடிக் கூண்டாக்கினார்கள். 1980களில் எம்16-இன் ஏ2 வடிவம் வந்தபோது அடிப்பக்கப் பிளவுகளையும் அடைத்தார்கள், படுத்துச் சுடும்போது மண் கிளம்பாமல் இருக்க. அதனால் கழற்றி மாட்டினால் அடைத்த பக்கம் கீழே வர வேண்டும். இதன் முக்கிய வேலை, இருட்டில் சுடுபவரின் கண்ணையே அந்தத் தீப்பிழம்பு கூசச் செய்யாமல் பார்த்துக்கொள்வது. சுடும்போது துப்பாக்கி தோளில் பின்னோக்கி இடிக்கும் உதையைப் பெரிதாகக் குறைக்காது.

உதையைக் குறைப்பது மசில் பிரேக். குண்டுக்குப் பின்னால் வரும் வாயுவைப் பக்கவாட்டிலும் கொஞ்சம் பின்பக்கமும் திருப்பிவிட்டு, ரைஃபிளை முன்னோக்கி இழுக்கும். .300 வின்செஸ்டர் மேக்னம் மாதிரி தோளைப் பதம் பார்க்கும் துப்பாக்கிக்குச் சரி. ஏஆரில் வழக்கமாகப் போடும் 5.56 தோட்டாவுக்கு எதற்கு? அதன் உதையே கொஞ்சம்தான். போட்டியில் வேகமாக அடுத்தடுத்துச் சுடுபவர்களுக்கு வேண்டுமானால் தேவைப்படும்.

பிரேக்கின் விலையைப் பக்கத்தில் இருப்பவர்தான் கொடுப்பார். ஹூஸ்டனுக்கு வெளியே நான் போகும் ரேஞ்சில் தகரக் கூரை. பக்கத்து மேசையில் குட்டைக் குழலும் பிரேக்கும் சேர்ந்து வந்து உட்கார்ந்தால், முதல் வெடியிலேயே என் டார்கெட் தாள்கள் பறக்கும், தோட்டா டப்பாவின் மூடி திறந்துகொள்ளும், நெஞ்சில் யாரோ உள்ளங்கையால் தட்டியது போல இருக்கும். காதுக்குள் பஞ்சடைப்பான், அதன் மேல் மஃப், இரண்டும் போட்டால்தான் தாங்கும். ராத்திரி காட்டுப்பன்றி வேட்டைக்கு வருபவர்கள் பலர் காதில் ஒன்றும் போடுவதில்லை. அவர்களோடு பிரேக் மாட்டிய ரைஃபிளை எடுத்துப் போவது அநியாயம்.

காம்பன்சேட்டர், வாயுவை மேலே விட்டு முனை எழும்பாமல் அழுத்தும். ஏகே-47 குடும்பத்து ஏகேஎம்-இன் சாய்வாக வெட்டிய முனை அந்த வகைதான். பிரேக்கும் அதுவும் கலந்தவையும் கடைகளில் நிறைய உண்டு.

சத்தத்தைக் குறைக்கும் சப்ரஸர் (சைலன்சர்) வாங்கும் எண்ணம் இருந்தால் வரிசையே மாறிவிடும். முதலில் சப்ரஸரை முடிவு செய்யுங்கள், அப்புறம் அதற்குப் பொருந்தும் மவுண்ட்டை (சப்ரஸரைக் குழலில் பூட்டும் முனைத்துண்டை) வாங்குங்கள். அதுவே உங்கள் ஃபிளாஷ் ஹைடரோ பிரேக்கோ ஆகிவிடும். சப்ரஸருக்கு 1934 முதல் இருந்த 200 டாலர் வரி, 2026 ஜனவரி 1 முதல் சுழியம். ஆனால் படிவம், கைரேகை, போட்டோ எல்லாம் அப்படியேதான். சினிமாவில் வருவது போல 'புஸ்' என்று கேட்காது. 20, 30 டெசிபல் குறையும், அவ்வளவுதான்.

மாட்டும்போது மரையைப் பாருங்கள். ஏஆரின் .223/5.56-க்கு வழக்கமாக 1/2-28 (அரை அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 மரை), .308-க்கு 5/8-24. 9 மில்லிமீட்டர் குழல்கள் பலவற்றிலும் அதே 1/2-28 மரைதான் வரும். மரை சேர்ந்துவிட்டது என்று .223-இன் சாமானை 9 மில்லிமீட்டரில் திருகிவிடாதீர்கள், அந்த ஓட்டையில் குண்டு நுழையாது. ஏ2-வுக்குக் கீழே நசுங்கும் வாஷர் போதும், ஒருமுறை நசுங்கினால் புதிது போட வேண்டும். சப்ரஸர் மவுண்ட்டுக்கு மட்டும் அது கூடாது. சமமாக நசுங்காமல் சப்ரஸர் ஒரு நூல் சாய்ந்தாலும் குண்டு உள்தகடுகளை உரசிக்கொண்டு போகும். அங்கே மெல்லிய ஷிம் தகடுகள்தான்.

கலிஃபோர்னியாவுக்கு மாறப்போகிறவர்கள் இன்னொன்றும் பாருங்கள். கழற்றும் மேகசின் உள்ள செமி-ஆட்டோ ரைஃபிளில் ஃபிளாஷ் ஹைடர் இருந்தால் அங்கே அது 'அசால்ட் வெப்பன்' கணக்கில் வந்துவிடும். அங்கே பிரேக் அதிகம் கண்ணில் படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

என் .308 வேட்டை ரைஃபிளின் முனையில் இப்போது இருப்பது மரையைக் காக்கும் வெறும் மூடி. சப்ரஸருக்குப் படிவம் போட்டிருக்கிறேன்.