கையெழுத்திடச் சொல்லவா, டாக்டர்?

“அப்படியானால் அவரை ஹாஸ்பிஸில் கையெழுத்திடச் சொல்லவா, டாக்டர்?”

2018இல் ஒரு வெள்ளிக்கிழமை மாலை மேற்கு டெக்சாஸ் கிளினிக்கிலிருந்து அந்த அம்மையார் கேட்டது இது. என்னோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பேரில் மருந்து எழுதும் நர்ஸ் பிராக்டிஷனர், அதாவது நோயாளிகளைப் பார்த்து மருந்து எழுதும் மேற்பயிற்சி பெற்ற செவிலியர். குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே வழி கேட்டார். ஹாஸ்பிஸ் என்பது குணமாக்குவதை விட்டு, இறுதிக்காலத்தில் வலியைத் தணிக்கும் பராமரிப்பு. “அது அவருடைய விருப்பம்” என்றேன். எத்தனையோ முறை மனத்துக்குள் அந்தப் பதிலை மாற்றிச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

நோயாளிக்குக் கணையப் புற்றுநோய். வலி முதுகைத் துளைத்தது. கோடீன் மாத்திரைக்கு அடங்கவில்லை. கட்டுப்பாட்டு மருந்துகளில் மூன்று முதல் ஐந்து வரையிலான அட்டவணை மருந்துகளை 90 நாள் அளவுக்கு எழுத அந்த அம்மையாருக்கு அதிகாரம் கொடுத்திருந்தேன். மார்ஃபின், கட்டுப்பாடு இன்னும் கடுமையான இரண்டாம் அட்டவணை. டெக்சாஸ் சட்டப்படி அந்த அதிகாரத்தை மருத்துவமனையிலும் ஹாஸ்பிஸிலும் மட்டுமே நான் கைமாற்ற முடியும். நோயாளி அவரேதான், நர்ஸும் அவரேதான், மாத்திரையும் அதுவேதான்; நோயாளி ஹாஸ்பிஸில் சேர்ந்துவிட்டால் அம்மையாரே எழுதலாம். ஹைட்ரோகோடோன் கலவை வலி மாத்திரையைக்கூட ஒரு காலத்தில் அவர் எழுதிக்கொண்டிருந்தார். 2014 அக்டோபரில் மத்திய அரசு அதை இரண்டாம் அட்டவணைக்கு மாற்றியதும் அதுவும் நின்றது. அவருடைய அறிவு அன்று குறைந்துவிடவில்லை. என்னிடம் வருவதற்கு முன் 22 ஆண்டுகள் புற்றுநோய் வார்டில் இருந்தவர். மார்ஃபினை என்னைவிட நன்றாக அறிந்தவர்.

நானே எழுதியிருக்கலாமே என்று கேட்கலாம். நான் 110 மைல் தொலைவில் இருந்தேன். நோயாளியைப் பார்த்ததே இல்லை. அவசர நிலையில் மருந்தாளுநரிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டு, ஏழு நாட்களுக்குள் சீட்டு அனுப்ப விதி இடம் தருகிறது. அந்த விதி எனக்கு அன்றே தெரியும். ஆனால் பொருத்தமான வேறு சிகிச்சை இல்லை என்றால்தான் அது செல்லும். 60 மைலில் அவசர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த முதுகோடு பிக்கப் வண்டியில் 60 மைல்! அதை எண்ணிப் பார்க்க எனக்குப் பல மாதங்கள் பிடித்தன.

பயம் இருந்தது, மறைக்கவில்லை. அமெரிக்கா முழுவதும் ஓபியாய்டு எனப்படும் மார்ஃபின் வகை மாத்திரைகளால் மக்கள் செத்துக்கொண்டிருந்த காலம் அது. பார்க்காத நோயாளிக்கு மார்ஃபின் எழுதிய மருத்துவர் என்று என் பெயர் விசாரணைக்குப் போவதை நினைத்தேன். ஹூஸ்டனில் பணத்துக்கு வலி மாத்திரை எழுதித் தந்த கிளினிக்குகளை அறிந்தவன் நான். இந்த வேலி வீணாகப் போடப்பட்டதல்ல என்று இன்றும் நம்புகிறேன். அன்று நான் சட்டத்தை மீறவில்லை என்பதும் உண்மை.

ஆனால் ஒரு மருத்துவர் ஏழு பேர் வரை அதிகாரம் தரலாம் என்கிறது அதே சட்டம். நான் ஐந்து பேருக்குத் தந்திருந்தேன், ஐந்து ஊர்களில். எந்த ஊரிலும் மாதம் ஒருமுறைக்கு மேல் காலடி வைத்ததில்லை. அந்தக் கிளினிக்கில் வாரம் ஒருநாள் உட்கார்ந்திருந்தால் அந்த மனிதரை நான் பார்த்திருப்பேன். சீட்டு முன்பே அவர் கையில் இருந்திருக்கும். இதைச் சட்டத்தின் மேல் எப்படிப் போடுவது?

நோயாளி சனிக்கிழமையே கையெழுத்திட்டார். அன்று இரவே மார்ஃபின் கிடைத்தது. ஹாஸ்பிஸில் சேர்ந்தால் நோயைக் குணமாக்கும் சிகிச்சையை, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் தராது. செவ்வாய்க்கிழமை புற்றுநோய் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர், போகவில்லை. வேண்டுமென்றால் ஹாஸ்பிஸிலிருந்து எப்போதும் வெளியேறலாம்; அவர் வெளியேறவில்லை. போயிருந்தாலும் பெரிய மாற்றம் இருந்திருக்காது என்று அந்த அம்மையார் பின்னர் சொன்னார். அவர் எனக்காகச் சொன்னாரா, தெரிந்து சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. பத்தொன்பதாம் நாள் நோயாளி இறந்துபோனார்.

மாதக் கூட்டத்தில் சரிபார்க்க வேண்டிய பதிவேடுகளில் அவருடையதும் இருந்தது. “வலி மருந்து குறித்து மருத்துவரிடம் ஆலோசிக்கப்பட்டது, ஹாஸ்பிஸ் பற்றி நோயாளிக்கு விளக்கப்பட்டது” என்று அம்மையார் எழுதியிருந்தார். அதன் கீழே “ஏற்கத்தக்கது” என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். அவர் அடுத்த பதிவேட்டை என் பக்கம் நகர்த்தினார்.