பயோகெமிஸ்ட்ரி வைவா: ஹெச்பிஏ1சி-யைப் பிடித்துக்கொண்டு படியுங்கள்

எம்பிபிஎஸ் முதலாண்டில் புரதங்களின் வேதி மாற்றங்கள் ஒரே இடத்தில் வராது. ஹீமோகுளோபினில் கொஞ்சம், இன்சுலினில் கொஞ்சம், வைட்டமின்களில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கும். வாய்மொழித் தேர்வான வைவாவில் சேர்த்துக் கேட்டால் நன்றாகப் படிப்பவர்களே திணறுவார்கள். எனக்குக் கைகொடுத்தது மூன்று கேள்விகள்: எந்த அமினோ அமிலத்தில் மாற்றம்? என்சைம் உண்டா? பழைய நிலைக்குத் திரும்புமா?

ஹெச்பிஏ1சி-யில், அதாவது குளுக்கோஸ் ஒட்டிய ஹீமோகுளோபினில், இதைப் பழகுங்கள். ஹீமோகுளோபின் பீட்டா சங்கிலியின் முதல் அமினோ அமிலமான வேலினில் குளுக்கோஸ் ஒட்டுகிறது. என்சைம் கிடையாது, ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு, எத்தனை நாள் இருந்தது என்பதே கணக்கு. முதலில் உருவாகும் தளர்வான இணைப்பான ஷிஃப் பேஸ் எளிதில் பிரிந்துவிடும். அதன் அணுக்கள் இடம்மாறி நிலைபெறும் அமடோரி மாற்றம் நடந்துவிட்டால் அநேகமாகத் திரும்பாது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் ரிப்போர்ட் கடந்த 2–3 மாத நிலவரத்தைச் சொல்கிறது. நீரிழிவுக்கான 6.5 சதவீதம் என்ற எல்லையை வகுப்பே ஒப்பிக்கும். வேலினைச் சொல்பவர்கள் குறைவு. மார்க் அங்கேதான்.

இதே வினை, ஆயுள் நீண்ட இழைப் புரதமான கொலாஜனில் ஆண்டுக்கணக்கில் நடந்தால் ஏஜிஇ (சர்க்கரை ஒட்டியதன் முதிர்ந்த இறுதிப் பொருள்கள்) உருவாகி, இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து ரத்தக்குழாய் விறைத்துப்போகும். சிறுநீரகப் பாதிப்பிலும் இதற்குப் பங்குண்டு. கண்புரையைக் கேட்டால் குளுக்கோஸிலிருந்து உருவாகி லென்ஸில் தேங்கும் சார்பிட்டாலை விட்டுவிடாதீர்கள்.

இன்சுலின் ரிசெப்டருக்கு வந்தால் கதை வேறு. ரிசெப்டரே ஒரு என்சைம். ரிசெப்டரிடமிருந்து சிக்னலை வாங்கும் ஐஆர்எஸ்-1 புரதத்தின் டைரோசினில் அது பாஸ்பேட் ஏற்றினால் சிக்னல் உள்ளே போகும். அதே புரதத்தின் சில செரின்களில் வேறு கைனேஸ்கள் (பாஸ்பேட் ஏற்றும் என்சைம்கள்) ஏற்றினால் சிக்னல் மங்கும்; உடல்பருமனில் இன்சுலின் எதிர்ப்பு வருவதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இது ஒன்று. பாஸ்பேட் ஒன்றுதான், ஏறும் இடம் மாறினால் விளைவே தலைகீழ். முதல் கேள்வியை நான் விடாமல் பிடித்துக்கொண்டது இதனால்தான்.

மற்றவற்றை ஒரு மாலையில் முடித்துவிடலாம். வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வியில் கொலாஜனின் புரோலினுக்கு ஹைட்ராக்சில் சேராது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தான வார்ஃபாரின் கொடுத்தால் உறைதல் காரணிகளின் குளூட்டமேட்டில் கார்பாக்சில் சேராது. ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டு நோயில் ஆர்ஜினின் சிட்ருலினாகிறது. அல்சைமரில் டாவ் புரதத்தில் பாஸ்பேட் மிதமிஞ்சிப்போகிறது.

கடைசியாக கேஸ் கேள்விகள். சர்க்கரை 220, ஹெச்பிஏ1சி 5.6, கூடவே ஹீமோலிட்டிக் அனீமியா என்று வந்தால் லேபைக் குறை சொல்லாதீர்கள். சிவப்பணு சீக்கிரம் அழிவதால் குளுக்கோஸ் ஒட்ட அவகாசமே இல்லை என்று எழுதி, ஃப்ரக்டோசமைன் டெஸ்ட்டைக் குறிப்பிடுங்கள். அது முக்கியமாக ரத்தப் புரதமான ஆல்புமினில் ஒட்டிய குளுக்கோஸை அளப்பது. 2–3 வார நிலவரம் கிடைக்கும்.