மிக்ஸி மோட்டாரும் தேய்ந்த கார்பன் பிரஷும்

சட்னி அரைக்கும்போது மிக்ஸியின் வேகம் ஏறி இறங்கியதோடு கருகல் வாடையும் வந்ததால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு அடிப்பாகத்தைக் கழற்றிப் பார்த்தேன். மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் இரண்டு கார்பன் துண்டுகளில், அதாவது கார்பன் பிரஷ்களில், ஒன்று கட்டையாகத் தேய்ந்துபோனதில், அதன் ஸ்பிரிங் கம்யூட்டேட்டரின் (தண்டோடு சுழலும், செப்புப் பட்டைகள் பதித்த உருளை) மீது அழுத்தும் வலுவை இழந்திருந்தது. அழுத்தம் குறைந்தால் தொடர்பு விட்டுவிட்டுத்தான் கிடைக்கும், அந்த இடைவெளியில்தான் பொறி பறக்கிறது. சிறு நீலப்பொறி இயல்பே. ஆனால் கம்யூட்டேட்டரைச் சுற்றி நெருப்பு வளையமே ஓடினால், ஆர்மேச்சர் (மோட்டாரின் சுழலும் பகுதி) சுருள் அறுந்திருக்கவோ ஷார்ட் ஆகியிருக்கவோ கூடும். அதனால் பிரஷ் வாங்கப் போகுமுன், அடுத்தடுத்த செப்புப் பட்டைகளுக்கிடையே மல்டிமீட்டரை வைத்து மின்தடையை அளந்தேன். எல்லா ஜோடிகளும் ஏறத்தாழ ஒரே ஓம் அளவைக் காட்டியதால், சுருளில் கோளாறு இல்லை என்று தெரிந்தது; புதிதாகக் காயில் கட்டும் செலவு மிச்சம்.

கறுத்திருந்த பட்டைகளை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, இடுக்குகளில் அடைந்திருந்த கார்பன் தூளைப் பல்குச்சியால் சுரண்டி எடுத்தேன். எமரித்தாள் இதற்கு ஆகாது, அதன் துகள் மின்சாரத்தைக் கடத்தக்கூடும். ஒன்றுதான் தேய்ந்திருந்தது என்றாலும் இரண்டு பிரஷ்களையும் மாற்றுவதே முறை. புதியவை கூட்டுக்குள் தடையின்றி வழுக்குகின்றனவா என்று பார்த்த பின், அவற்றின் முனை கம்யூட்டேட்டரின் வளைவுக்குப் படியும்வரை ஜாடியில்லாமல் குறைந்த வேகத்தில் ஓடவிட்டேன்.